சந்தைக்கு ஓட்டாதீர்கள், கோமாரி இன்னும் உங்கள் கட்டுத்தரையில்தான் இருக்கிறது

ஈரோடு மாவட்டத்தின் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கம் மட்டும் இங்கே.

அவர்கள் வீட்டில் 4 ஜெர்சிக் கலப்புக் கறவைகள், 8 மாதச் சினையில் ஒரு கிடாரி, இரண்டு கன்றுகள், 9 வெள்ளாடுகள். கணவர் 12 நாளுக்கு முன் சந்தையில் இன்னொரு கறவையை வாங்கிவந்து அன்றே மற்றவற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். நான்காம் நாள் அந்த மாடு வாயில் நுரை தள்ளி, காலை உதறத் தொடங்கியது. அடுத்த சில நாளில் பழைய கறவைகளில் மூன்றுக்கு அதே நிலை. பால் 38 லிட்டரிலிருந்து 11 லிட்டராக விழுந்துவிட்டது. இரண்டரை மாதக் காளங்கன்று ஒன்று மாலையில் நன்றாகப் பால் குடித்து, விடிவதற்குள் இறந்து கிடந்தது. முந்தைய நாள் அதற்குக் குடற்புழு மருந்து கொடுத்தது தாம்தான் என்பதால், தாமே கொன்றுவிட்டோமோ என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் தடுப்பூசி முகாம் ஊருக்கு வந்தபோது, "ஊசி போட்டால் பால் குறையும், சினை கலைந்துவிடும்" என்று மாமியார் மறுத்துவிட்டாராம். ஊசி போட்ட பக்கத்துத் தோட்டத்திலும் இரண்டு மாட்டுக்கு நோய் வந்திருப்பதால், ஊசியால்தான் நோயே வந்தது என்று ஊரில் பேச்சு. இப்போது நன்றாக இருக்கும் கறவையையும் சினைக் கிடாரியையும், நோய் தொற்றுமுன் வரும் சந்தையில் விற்றுவிடலாம் என்கிறார் கணவர். மகளிர் குழுக் கடன் தவணை வேறு நெருங்குகிறது. விற்கலாமா, இப்போதாவது ஊசி போடலாமா, பாலை வீட்டுப் பிள்ளைகள் குடிக்கலாமா, காப்பீடு கிடைக்குமா, மாடுகள் பழையபடி கறக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, முதலில் கன்றைப் பற்றி. குடற்புழு மருந்தால் அது சாகவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் குறிகள் கோமாரி என்கிற கால் காணை, வாய் காணை நோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. பெரிய மாடுகளில் நாக்கையும் ஈறையும் குளம்பு இடுக்கையும் தாக்கும் இந்த வைரஸ், பால்குடிக் கன்றுகளில் நேரே இதயத் தசையைத் தாக்கும். வாயில் ஒரு கொப்புளம் கூட எழும்புமுன் கன்று விழுந்துவிடும். பிரேதப் பரிசோதனை செய்தால் இதயத் தசையில் வெளிறிய வரிகள் தெரியும். கால்நடை மருத்துவத்தில் அதைப் 'புலி இதயம்' என்றே சொல்வார்கள். தாய்க்கு நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே வைரஸ் பாலில் இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே கன்றைக் கொன்றது அது கடைசியாகக் குடித்த நாட்களின் பால். உங்கள் கை கொடுத்த மருந்து அல்ல. மீதமிருக்கும் 5 மாதக் கிடாரிக் கன்றை இன்றே கொட்டகையை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். நோய் கண்ட மாட்டின் பாலை அதற்கு நேரடியாக ஊட்ட விடாதீர்கள். பால் கொடுப்பதாக இருந்தால் நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். சில நாளைக்கு ஓட விடாமல் அமைதியாக வைத்திருங்கள்.

விற்பதைப் பற்றி

வேண்டாம். உங்கள் கணவரின் கணக்கு எனக்குப் புரிகிறது. இரண்டையாவது காசாக்கினால் தவணை கட்டலாம், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். ஆனால் அந்தக் கணக்கு 'நன்றாக இருக்கும் மாடு' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. இந்த நோய் உடலுக்குள் புகுந்து வெளியே தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகும். ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து, ஒரே கூரைக்குக் கீழ் மூச்சு விட்ட அந்த இரண்டு மாடுகளும் இந்நேரம் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். குறி தெரியுமுன்பே எச்சிலிலும் மூச்சிலும் வைரஸ் வெளியேறும் என்பதுதான் கோமாரியை இவ்வளவு வேகமாகப் பரவ விடுகிறது. கருங்கல்பாளையம் போன்ற சந்தைக்குக் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். அங்கே ஒரு மாடு நிற்கும் சில மணி நேரம் எத்தனை ஊர்க் கட்டுத்தரைகளைத் தொடும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு நோய் வந்ததும் இதே வழியில்தான்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. விலங்குகளில் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுக்காக 2009-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் கோமாரி உண்டு. நோய் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தாலே, கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பதும், நோய்கண்ட விலங்கைப் பிரித்து வைப்பதும் வளர்ப்பவரின் கடமை. நோயுள்ளது என்று தெரிந்த விலங்கைச் சந்தைக்குக் கொண்டுவருவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. இது இல்லாவிட்டாலும் 8 மாதச் சினையை வண்டியில் ஏற்றி இறக்குவது கிடாரிக்கு நல்லதல்ல. உள்ளே நோய் தொடங்கியிருந்தால் காய்ச்சலும் பயண அலைச்சலும் சேர்ந்து கன்று கலைந்துபோகலாம். நோய் ஊரில் தெரிந்த பிறகு சந்தையில் கிடைப்பதும் பாதி விலைதான்.

புதிதாக வாங்கிய மாட்டை விற்ற வியாபாரியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கேட்கலாம், ஆனால் நிரூபிப்பது கடினம். நான்காம் நாளே குறி தெரிந்திருப்பதால் சந்தையிலோ வண்டியிலோ அதற்கு முன்போதான் தொற்றியிருக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். வாய்ப்பேச்சு வியாபாரத்தில் அதை விற்றவர் மேல் சாட்டச் சான்று இருக்காது. அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது. வாங்கிய நாள், சந்தை ரசீது, வண்டி வந்த ஊர் எல்லாவற்றையும் உங்கள் கால்நடை உதவி மருத்துவரிடம் கொடுங்கள். நோய் எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கித் தேட அவருக்கு அது தேவை.

இந்த இரண்டு வாரம்

கால்நடை மருந்தகத்துக்கு இன்றே சொல்லுங்கள். போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். கோமாரி வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. மருத்துவம் என்பது காய்ச்சலையும் வலியையும் தணிப்பது, புண்ணில் வேறு கிருமி சேராமல் பார்ப்பது, மாட்டைச் சாப்பிட வைப்பது, இவ்வளவுதான். ஆனால் இவற்றைச் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் இடையிலான வித்தியாசம் அடுத்த ஈற்றுவரை தெரியும்.

வாய்ப் புண்ணை ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் ஆப்பசோடா கரைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை மெதுவாகக் கழுவுங்கள். நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது, மேல்தோல் கழன்று கையோடு வந்துவிடும். கழுவியபின் போரிக் பவுடரைக் கிளிசரினில் குழைத்துத் தடவலாம். மரபு முறையை விரும்பினால், சீரகம், வெந்தயம், மிளகு தலா 10 கிராமை அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூள் 10 கிராம், பூண்டு 4 பல் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயின் துருவலும் 120 கிராம் நாட்டுச்சர்க்கரையும் கலந்து, நாக்கிலும் ஈறிலும் மேலண்ணத்திலும் தடவுங்கள். நாளுக்கு மூன்று வேளை, மூன்று முதல் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும். மூலிகை மருத்துவத்தில் நன்றாகப் பழகிய செய்முறை இது. வலி தணிந்து மாடு தீனியில் வாய் வைக்க உதவும். வைரஸைக் கொல்லும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கால்புண்ணுக்கு முதலில் சாணியும் சேறும் போகத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் கழுவித் துடையுங்கள். தூள் முழுக்கக் கரைந்திருக்க வேண்டும், கரையாத துகள் புண்ணை எரித்துவிடும். பிறகு குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, அரை லிட்டர் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துப் பூசலாம். வேப்பெண்ணெய் மட்டும் பூசினாலும் ஈ அண்டாது. புழு வைத்துவிட்டால் முதல் நாள் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயோ சீத்தா இலை விழுதோ வையுங்கள். புழு வெளியே வந்தபின் எடுத்துப் போட்டுவிட்டு வழக்கமான மருந்துக்குத் திரும்புங்கள். நிற்கும் இடம் காய்ந்திருந்தால்தான் இதெல்லாம் பலிக்கும். ஈரச் சாணியில் நிற்கும் மாட்டின் குளம்பு எந்த மருந்துக்கும் ஆறாது, சில நேரம் குளம்பே கழன்றுவிடும்.

தீனியில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மாடு மெல்ல முடியவில்லையே என்ற இரக்கத்தில் அரிசிச் சோறும் கஞ்சியுமாக வாளிவாளியாக வைக்கிறார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்த வயிற்றில் அவ்வளவு மாவுச்சத்து ஒரேயடியாக விழுந்தால் வயிறு புளித்து, அசை நின்று, கோமாரியில் பிழைத்த மாடு வயிற்றுப் புளிப்பில் செத்துப்போகும். கேழ்வரகுக் கஞ்சி கொடுங்கள், தவறில்லை. ஒரு வேளைக்கு ஓரிரு லிட்டருக்கு மேல் வேண்டாம், உப்பும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்துத் தண்ணீராக வையுங்கள். முக்கியத் தீனி இளம் பசும்புல்லாக இருக்கட்டும். கோ-4 வகைத் தீவனப்புல்லாக இருந்தால் தண்டை விட்டுவிட்டு இலையை மட்டும் பொடியாக நறுக்குங்கள். சோளத்தட்டும் வைக்கோலும் புண்ணைக் கிழிக்கும். மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ எதையும் தொண்டையில் ஊற்றாதீர்கள். விழுங்க வலிக்கும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக மாறும்.

கறவையை நிறுத்தக் கூடாது. காம்பில் கொப்புளம் இருந்தால் மாடு உதைக்கும், உங்களுக்கும் மனம் வராது. ஆனால் பால் மடியில் தேங்கினால் மடிநோய் பிடித்துவிடும், காம்பு நிரந்தரமாக அடைந்தும் போகலாம். கட்டைவிரலை மடக்காமல் முழுக் கையால் மெதுவாகக் கறந்து முடித்து, காம்புகளைப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்குங்கள். ஒவ்வொரு காம்பின் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியிலோ கறுப்புத் தட்டிலோ பிடித்துப் பாருங்கள். திரி திரியாக வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயில்லாத மாட்டை முதலிலும் நோய்ப்பட்டதைக் கடைசியிலும் கறக்க வேண்டும். முடிந்தால் ஆளையே பிரித்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஒரு பக்கம், உங்கள் கணவர் ஒரு பக்கம். வெளியே நான்கு வீட்டுக்குப் போய்க் கறக்கும் ஆள் உங்கள் கட்டுத்தரைக்கு இப்போது வரக் கூடாது.

ஆடுகளை மறந்துவிடாதீர்கள். வெள்ளாட்டில் கோமாரி லேசான நொண்டலோடு போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே ஆடு மேய்ச்சல் காட்டில் ஊர் முழுக்கச் சுற்றிவரும். 9 ஆட்டையும் வேறு இடத்தில் கட்டித் தழை வெட்டிப் போடுங்கள்.

கொட்டகையைச் சுத்தம் செய்ய ஃபினாயில் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். வாசனை வரும், வைரஸ் பெரிதாக அசையாது. இந்த வைரஸுக்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. சாணியை முழுக்க வழித்த பிறகு, 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவை சோடா கரைத்துத் தரையிலும் தொட்டியிலும் சுவரின் அடிப்பகுதியிலும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். சாணி இருக்கும் இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது என்பதால் வழிப்பதுதான் பெரிய வேலை. சோடா நீர் கையை அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். மாட்டின் புண்ணில் படக் கூடாது. அலுமினியக் கேனையும் அரித்துவிடும், அதற்குக் கொதிநீர் போதும். சோடாவோடு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ கலக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று முறித்து வெறும் தண்ணீராகிவிடும். அதே சோடா நீரில் நனைத்த சாக்கை வாசலில் போட்டு வையுங்கள், உள்ளே வருபவரும் போகிறவரும் மிதித்துப் போகட்டும். மாடு தின்று மிச்சம் வைத்த தீனியை வேறு மாட்டுக்கு வைக்காமல் எரித்துவிடுங்கள். கன்றைப் புதைத்த குழி ஆறடி ஆழம் இல்லையென்றால் மேலே சுண்ணாம்பும் மண்ணும் போட்டு முள் அடையுங்கள், நாய் தோண்டக் கூடாது.

இன்னொன்று. மாட்டின் வலிக்காக, மனிதருக்கான மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. கால்நடைக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்ட மருந்து. அந்த ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. உங்கள் பகுதிக்கு அருகிலேயே, மோயாற்றுப் பள்ளத்தாக்கில், மிஞ்சியிருக்கும் பாறுகள் கூடு கட்டுகின்றன. மெலோக்சிகம் மாட்டுக்கும் ஏற்றது, கழுகுக்கும் கேடில்லாதது. மருத்துவரிடம் அதையே கேளுங்கள்.

பால், பிள்ளைகள், சொசைட்டி

கோமாரி மனிதருக்குத் தொற்றி நோயாகும் வகை அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வருகிறதே, தக்காளிக் காய்ச்சல் என்று கூடச் சொன்னார்களே, அதைப் பார்த்து உங்கள் மாமியார் பயப்படுவது இயல்பு. பெயர் ஒத்திருந்தாலும் அது முற்றிலும் வேறு வைரஸ், மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாட்டிடமிருந்து அது வராது. நன்றாகக் காய்ச்சிய பாலால் வீட்டில் யாருக்கும் கோமாரி வராது.

ஆனால் எதிர் உயிரி (ஆன்டிபயாட்டிக்) ஊசி போட்ட மாட்டின் பாலை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், பால் சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருத்துவரிடம் அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொசைட்டிக்கு நோயை மறைக்கவும் வேண்டாம். கொழுப்பும் பிற சத்தும் அளந்து விலை போடும் இடத்தில் காய்ச்சல் மாட்டுப் பால் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட, உங்கள் கேன் பட்ட இடத்தில் அடுத்த வீட்டுக் கேன் படுகிறது, அந்தக் கேன் அடுத்த கட்டுத்தரைக்குப் போகிறது. கடைசி ஆளாகப் போய் ஊற்றுங்கள், கேனை வெளியிலும் கழுவிக் கொண்டுபோங்கள்.

தடுப்பூசி பற்றிய தவறான எண்ணங்கள்

கோமாரித் தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அதனால் நோய் உண்டாக வழியே இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஊசி போட்டும் நோய் வந்ததற்குக் காரணங்கள் வேறாக இருக்கலாம். ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் நோய் உள்ளே இருந்திருக்கலாம். வாழ்வில் முதல் ஊசி மட்டும் போட்டு, நான்கு வாரத்தில் போட வேண்டிய ஊக்க ஊசியை விட்டிருக்கலாம். முந்தைய ஊசியின் பாதுகாப்பு ஆறு மாதத்தில் தேய்ந்திருக்கலாம். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இல்லாமல் வெயிலில் கெட்டிருக்கலாம். ஊசி போட்ட மாட்டில் நோய் வந்தாலும் பெரும்பாலும் லேசாகவே வந்து போகும். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு மாட்டோடு நின்றதையும் உங்கள் வீட்டில் பரவிய வேகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறைவதும், போட்ட இடம் வீங்குவதும் உண்மை. ஆனால் அது சில லிட்டர். உங்களுக்கு இப்போது ஒவ்வொரு நாளும் 27 லிட்டர் போகிறது. சினைக்கு அந்த மருந்தால் கேடில்லை. முகாம்களில் முதிர் சினை மாட்டைத் தவிர்ப்பது, பிடித்துக் கட்டும்போது மிரண்டு விழுந்துவிடுமோ என்பதற்காக. அப்படி விட்ட மாட்டுக்கு ஈன்றபின் தவறாமல் போட்டுவிட வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்த ஊசி இலவசம்.

இப்போது போடலாமா என்றால், நோய்ப்பட்ட மாட்டுக்கு வேண்டாம். குறி தெரியாத இரண்டுக்கும் உள்ளே நோய் ஊறிக்கொண்டிருந்தால் ஊசி உதவாது. ஒரே ஊசியை மாட்டுக்கு மாடு குத்தினால் நோயைக் கையோடு பரப்பியதாகும். அந்த இரண்டுக்கும் போடுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். இப்போது ஊசி அவசரமாகத் தேவைப்படுவது உங்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு. வெளி வட்டத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போட்டு வருவதுதான் முறை, அதற்காகவே நீங்கள் தகவல் சொல்வது முக்கியம். தேறிய உங்கள் மாடுகளுக்கும் பிறகு ஊசி தேவை. நம் நாட்டில் ஓ, ஏ, ஆசியா-1 என மூன்று வகை வைரஸ் உலவுகின்றன, ஒன்றுக்கு வந்த எதிர்ப்பாற்றல் மற்றதைத் தடுக்காது. கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதத்தில் ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. மூன்று வகைக்கும் ஒரே ஊசிதான்.

காப்பீடும் தவணையும்

இறந்த கன்றுக்குக் காப்பீடு கிடைக்க வாய்ப்பில்லை, பொதுவாகப் பாலிசிகள் கறவைப் பருவத்து மாட்டுக்கே எடுக்கப்படுகின்றன. பெரிய மாடுகளில் எதற்காவது பாலிசி இருந்தால் இன்றே எடுத்துப் படியுங்கள். தடுப்பூசி போடாத மாடு கோமாரியில் இறந்தால் தொகை கிடையாது என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. அப்படி இருந்தால் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். இல்லையென்றால், மாடு இறந்தவுடன் நிறுவனத்துக்குத் தகவல், காதுவில்லையோடு (காதில் மாட்டிய அடையாள எண் வில்லை) புகைப்படம், மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இந்த மூன்றும் வேண்டும். காதுவில்லை தொலைந்திருந்தால் இப்போதே மருந்தகத்தில் எழுதிவையுங்கள். நோய் வந்தபின் அவசரமாகப் புதுப் பாலிசி எடுப்பது வீண், அதற்கு முன்பே தொடங்கிய நோய்க்குத் தொகை தர மாட்டார்கள்.

தவணைக்கு, நோய் பற்றி மருத்துவரின் எழுத்துச் சான்றை வாங்கி இணைத்து, குழுவின் வழியாக வங்கிக் கிளைக்கு அவகாசம் கேட்டு மனு கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பதிவு இருக்காது. தீவனச் செலவுக்குக் கைக்காசு இல்லையென்றால், கிசான் கடன் அட்டை 2019 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்கிறது. வட்டிக்காரரிடம் போகுமுன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

வாய் ஆறிய பிறகுதான் உண்மையான நட்டம் தெரியும்

மாடுகள் பழையபடி கறக்குமா என்று கேட்டிருந்தீர்கள், எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இது. கோமாரியில் வளர்ந்த மாடுகள் நூற்றுக்கு ஐந்துகூடச் சாவது அரிது. பத்துப் பதினைந்து நாளில் வாய் ஆறும், மாடு தின்னும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். நட்டத்தின் பெரும்பகுதி அதன் பிறகு வருகிறது. இந்த ஈற்றுக்குப் பால் பழைய அளவுக்குத் திரும்பாது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிக்கு மேல் வந்தாலே நல்லது. சில மாடு மாதக்கணக்கில் பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை நிற்காது. மடிநோய் ஒரு காம்பை எடுத்துக்கொள்ளலாம். கலப்பின மாடுகள் சிலவற்றில் முடி நீண்டு அடர்ந்து, வெயில் ஏறினால் நாக்கைத் தள்ளி மூச்சிரைக்கும் நிலை வரும். அதற்கு உறுதியான மருந்து இல்லை. நிழல், மேலே தண்ணீர் தெளிப்பு, அடர்தீவனத்தை விடியலிலும் இரவிலும் வைப்பது, இவற்றால்தான் காப்பாற்றி நடத்த முடியும்.

ஆகவே பசி திரும்பியதும் அடர்தீவனத்தைச் சட்டென்று ஏற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். பிறகு உடலுக்கு ஒன்றரை கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்ற கணக்குக்கு வாருங்கள். தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம் தவறக் கூடாது. முதல் பருவத்திலேயே சினை ஊசிக்கு அவசரப்படாமல், உடல் தேறி ஒரு பருவம் கழியட்டும். மூன்று மாதத்தில் பருவமே வராவிட்டால் மருத்துவரிடம் கருப்பை பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மாட்டை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற முடிவையும் அப்போது எடுங்கள், இப்போது அல்ல. என் கருத்தில், மடி கெடாத மாட்டுக்கு அடுத்த ஈற்றுவரை வாய்ப்புக் கொடுக்கலாம், அடுத்த ஈற்றில் பெரும்பாலும் பால் மீண்டு வரும். இரண்டு காம்பு போய்விட்டதும், வெயிலில் விடாமல் இரைப்பதும் வேறு கணக்கு.

சினைக் கிடாரிக்கு ஒவ்வொரு காலையும் ஆசனவாயில் காய்ச்சல்மானி வைத்துப் பாருங்கள். 101.5 ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருந்தால் சரி, 103-ஐத் தாண்டினால் கொப்புளத்துக்குக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். காய்ச்சலை முதல் நாளே தணித்தால் கன்றைக் காப்பாற்ற வழி உண்டு.

உங்கள் மாமியார் கொட்டகையில் வேப்பிலை கட்டுவதையும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதையும் தடுக்காதீர்கள். வேற்றாள் உள்ளே வராமல் தடுப்பதற்கு அந்த வேப்பிலைக் கொத்து உதவும். சோடா தண்ணீரை அதோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக நோய்ப்பட்ட மாட்டின் புண் முழுக்க ஆறிய நாளை நாட்காட்டியில் குறியுங்கள். அதிலிருந்து 28 நாள் வரை உங்கள் கட்டுத்தரையிலிருந்து ஆடோ மாடோ வெளியே போகவும் வேண்டாம், புதிதாக உள்ளே வரவும் வேண்டாம். அதன் பிறகு மாடு வாங்கினால் காதுவில்லையின் 12 இலக்க எண்ணைக் குறித்து, தடுப்பூசிப் பதிவை உங்கள் மருந்தகத்தில் பார்க்கச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் 21 நாள் தோட்டத்தின் மறு ஓரத்தில், தனித் தொட்டி, தனி வாளியோடு கட்டுங்கள். இந்த ஒன்றை உங்கள் கணவர் ஒப்புக்கொள்ளட்டும்.